பேச்சுத் தேர்வில் எழுத்துத் தமிழைத் தேடாதீர்கள்

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் தமிழ்ப் பேச்சை ஐந்து நிமிட மேடைப்பேச்சை வைத்து மதிப்பிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. அதில் தெரிவது மனப்பாடம்தான். கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால்தான் பேச்சு வெளிப்படும்.

அதைவிடப் பெரிய அநியாயம் இலக்கண மதிப்பெண்ணில் நடக்கிறது. "நேத்து மழை பெஞ்சுச்சு, அதனால வெளிய போகல" என்று சரளமாகச் சொல்லும் குழந்தைக்குக் குறைக்கிறார்கள். "நேற்று மழை பெய்தது" என்று ஒப்பிக்கும் குழந்தைக்கு முழு மதிப்பெண். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறோம்? குறைக்க வேண்டிய பிழைகள் வேறு: "நான் பசிக்குது", "அம்மா வந்தான்". சிங்கப்பூரில் 2005-லேயே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கேட்டுவிட்டது.

தேர்வை இப்படி நடத்துங்கள். முதல் ஒரு நிமிடம் பெயர், பள்ளி என்று பேச விடுங்கள், மதிப்பெண் வேண்டாம். பிறகு ஒரு சந்தைப் படம், மூன்று நிமிடம். "இது என்ன?" என்றால் ஒற்றைச் சொல்தான் வரும். "இந்தக் கடைக்காரர் ஏன் கோவமா இருக்காரு?" என்று கேளுங்கள், வாக்கியம் வரும். கேட்டபின் ஐந்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கேதான் அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்துவிடுகிறார்கள், பிறகு யாருடைய பேச்சுக்கு மதிப்பெண் போடுவது?

கைப்பேசியில் பதிவு செய்து, இருவர் தனித்தனியே சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சமமாகப் போடுங்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் இதே நான்குதான், சம எடைதான். பத்துக்கு இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் சேர்ந்து பதிவை மறுபடி கேளுங்கள். ழகரம் வராததற்காக மட்டும் குறைக்காதீர்கள். புலி, புளி போலப் பொருள் குழம்பும் இடத்தில் குறைத்தால் போதும்.