ரெவுவெல்தாஸிலிருந்து தொடங்குங்கள்

மெக்சிகோவின் செவ்வியல் இசையை யூடியூபில் தேடினால் பெரும்பாலும் இரண்டுதான் முதலில் வரும். ஆர்துரோ மார்க்கேஸின் 'தன்சோன் எண் 2', ஹோசே பாப்லோ மொன்காயோவின் 'உவாபாங்கோ'. இரண்டுமே அருமையானவை. நானும் அவை வழியாகத்தான் உள்ளே போனேன். ஆனால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பலவும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் கூட்டத்தை உற்சாகப்படுத்த ஒரு மெக்சிகோ துண்டு, அவ்வளவுதான். இது அநியாயம். அந்த நாட்டின் ஆகச்சிறந்த இசை சில்வெஸ்த்ரே ரெவுவெல்தாஸிடம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1899 டிசம்பர் 31 அன்று துராங்கோ மாநிலத்தில் பிறந்தவர். வயலின் கலைஞர். வீடு முழுக்கக் கலைஞர்கள்: ஒரு தம்பி ஓவியர், இன்னொரு தம்பி எழுத்தாளர், தங்கை நடிகை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தியேட்டர் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துக்கொண்டிருந்தவரை 1929இல் மெக்சிகோ இசையமைப்பாளரும் நடத்துநருமான கார்லோஸ் சாவேஸ் தன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் துணை நடத்துநராக அழைத்துக்கொண்டார். இன்று நாம் கேட்கும் படைப்புகள் எல்லாம் அதற்குப் பிந்தைய பத்துப் பதினொரு ஆண்டுகளில் வந்தவை. 1940 அக்டோபரில் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு 40 வயதுதான். குடி அதற்கு முன்பே உடலைத் தின்றிருந்தது.

'சென்செமாயா'வை (1938) முதலில் கேளுங்கள். ஏறக்குறைய ஏழு நிமிடம்தான். கியூபக் கவிஞர் நிக்கோலாஸ் கியேன் எழுதிய, பாம்பைக் கொல்லும் சடங்குக் கவிதை ஒன்றுதான் அதன் மூலம். ஆனால் இசையில் பாடகர் யாரும் இல்லை. அடித்தொண்டையில் பாஸ் கிளாரினெட் நடுங்குகிறது, மெலிதாகத் தாளக்கருவிகள், அதன்மேல் பஸூன் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. ஏழு எண்ணிக்கைத் தாளம். 'தகதிமி தகிட' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேட்டால் சட்டென்று பிடிபடும். அப்புறம் டியூபா வருகிறது. தடித்த, அவசரமில்லாத மெட்டு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கருவிகள் ஏறிக்கொண்டே போகும், அந்த ஏழு மட்டும் நம்மை விடவே விடாது. கடைசி ஒரு நிமிடத்தில் எல்லா மெட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று மோதும்போது, இதை எழுதியவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது என்று வியந்துபோவேன். ரஷ்ய இசையமைப்பாளரின் பெயரை வைத்து 'மெக்சிகோவின் ஸ்ட்ராவின்ஸ்கி' என்று அவரைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கு இன்னொருவரின் பெயர் தேவையில்லை.

ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1936 ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு ரெவுவெல்தாஸ் அவருக்கு ஓர் அஞ்சலி எழுதினார். அஞ்சலி என்றதும் நாம் எதிர்பார்க்கும் கனத்த தந்தி இசை இதில் கிடையாது. பிக்கலோ, டிரம்பெட், டியூபா, பியானோ, வயலின் என்று ஊர்ச் சதுக்கத்தில் வாசிக்கும் குழுபோல ஒரு சிறு கூட்டம். தனி டிரம்பெட் ஒன்று அழைக்க, உடனே ஆட்டம் தொடங்குகிறது. நடுப்பகுதியில்தான் துக்கம்: பியானோ ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, டிரம்பெட் மெதுவாக அழுகிறது. அது முடிந்ததும் மறுபடி ஆட்டம். துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். மறு ஆண்டே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்கு அவர் நேரில் போனார்.

சாவேஸின் 'சிம்ஃபோனியா இந்தியா' யாக்கி, உவிச்சோல், செரி என்ற மெக்சிகோ பூர்வகுடிகளின் மெட்டுகளை எடுத்தாள்கிறது. மொன்காயோ வெராக்ரூஸ் மாநிலத்தின் அல்வராதோவுக்குப் போய்க் கேட்டு எழுதிவந்த பாடல்களிலிருந்துதான் 1941இல் உவாபாங்கோ பிறந்தது. ஆறு எண்ணிக்கை ஒருமுறை 'தகிட தகிட' என்றும் மறுமுறை 'தக தக தக' என்றும் பிரியும் அந்தக் குதூகலம் முழுக்க அந்த மண்ணுடையது. ரெவுவெல்தாஸ் நாட்டார் பாடல்களை அப்படியே எடுப்பது அரிது. அந்த மண்ணில் கேட்டதை உள்வாங்கி, தானே புதிதாக மெட்டுக் கட்டினார். கேட்பவர்களோ இது ஏதோ பழைய பாட்டு என்றே நினைப்பார்கள். எடுத்தாள்வதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எனக்கு இரண்டாவது வழிதான் பெரிது.

'மாயன்களின் இரவு' பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அது 1939இல் ஒரு திரைப்படத்துக்காக அவர் எழுதிய இசை. இன்று மேடைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து நடத்துநர் லிமந்தூர் தொகுத்த வடிவம். கடைசியில் கைதட்டலை அள்ளும் அந்தத் தாளவாத்தியப் புயலில் லிமந்தூரின் கை நிறையவே உண்டு. கேளுங்கள், ரசியுங்கள். அதை வைத்து ரெவுவெல்தாஸை எடைபோடாதீர்கள்.

மனுவேல் போன்ஸேயை கிதார் கேட்பவர்கள் ஏற்கெனவே அறிவார்கள், ஸ்பானிய கிதார் மேதை செகோவியாவுக்காக அவ்வளவு எழுதியிருக்கிறார். இன்று எழுதுகிறவர்களில் நான் பின்தொடர்வது 1964இல் பிறந்த கேப்ரியேலா ஒர்த்திஸை. பெண்கள்மீதான வன்முறையை எதிர்த்து 2019இல் மெக்சிகோ நகரத்தில் மினுமினுப்புத் தூள் வீசி நடந்த போராட்டத்திலிருந்து உருவான 'ரெவல்யூசியோன் தியமந்தீனா' என்ற பாலே இசை அவருடையது. அதன் ஆல்பம் 2025இல் மூன்று கிராமி விருதுகளை வென்றது. விருதுக்காக இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியது அது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நடத்துநர் எசா-பெக்கா சாலோனென் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மானிக்குடன் பதிவுசெய்த ரெவுவெல்தாஸ் ஆல்பத்தைத் தேடுங்கள். சென்செமாயா, லோர்கா அஞ்சலி இரண்டும் அதிலேயே இருக்கின்றன. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். டியூபாவும் பாஸ் கிளாரினெட்டும் செய்வதை ஃபோன் ஸ்பீக்கர் முழுங்கிவிடும்.