ரோனி ஹார்னின் தங்கத் தகடுகள்: ஒளி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கக் கலைஞர் ரோனி ஹார்னின் தங்கத் தகடுச் சிற்பம் ஒளிர்வதற்குக் காரணம் "தகடுகளுக்கு அடியில் விளக்கு" என்று அதைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது தவறு. அவர் 1994-95இல் செய்த 'கோல்ட் மேட்ஸ், பேர்ட் (ஃபார் ராஸ் அண்ட் ஃபீலிக்ஸ்)' (தங்கப் பாய்கள், இணை: ராஸுக்கும் ஃபீலிக்ஸுக்கும்) சிற்பத்தில் மின் இணைப்பே கிடையாது. ஏறத்தாழ 0.02 மி.மீ. தடிமனுள்ள இரண்டு சொக்கத்தங்கத் தகடுகள், தரையில் ஒன்றன்மேல் ஒன்று, அவ்வளவுதான். இடைவெளியில் நுழையும் ஒளி தங்கத்துக்கும் தங்கத்துக்கும் மாறிமாறிப் பட்டுத் தெறிக்கிறது. ஒவ்வொரு முறையும் நீலம் உறிஞ்சப்படுவதால் விளிம்பில் செம்பொன் நிறம் கனல்கிறது. நேர் மேலிருந்து ஸ்பாட்லைட் போட்டால் மேற்பரப்பு கண்ணைக் கூசச் செய்யும், விளிம்பின் கனல் அமுங்கிவிடும். பக்கவாட்டு மென்னொளியே சரி. விரல் பட்டாலும் மடிப்பு விழும்; நீவினாலும் தடம் போகாது. தலைப்பிலுள்ள இருவர் எய்ட்ஸுக்குப் பலியான காதலர்கள்: ராஸ் லேகாக் 1991இலும், அவருடைய துணைவரான கலைஞர் ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1996இலும் இறந்தார்கள். கட்டுரையில் அதையும் சேர்த்திருக்கலாம்.