இரும்புக்குக் குடுக்க முதல் ஒருக்கா இஞ்சின் ஹெட்டை (மேல்மூடியை) கழட்டிப் பாருங்கோ

இஞ்சின் போன பழைய காரை இரும்புக்குக் குடுக்கிறதுதான் நல்லம் எண்டு ஒரு கட்டுரையில கிடக்கு, எனக்கு அது சரியாப் படேல்ல. மாங்குளம் தாண்டி ஏ9 றோட்டில எங்கட கார் சூடேறி நிண்டுட்டுது, ஒயில் மூடியைத் திறந்தா உள்ளுக்க பால் தேத்தண்ணி நிறத்தில களி மாதிரி ஒட்டிக்கிடக்கு, தண்ணி ஒயிலோட கலந்திட்டுது. எல்லாரும் வித்துத் தள்ளு எண்டிச்சினம். கிளிநொச்சி கராஜ் அண்ணை ஹெட்டைக் கழட்டி வளைஞ்சிருக்கோ எண்டு நேர்ச்சட்டம் வச்சுப் பாத்திட்டு, கஸ்கற்தான் (ஹெட்டுக்கும் கீழ இருக்கிற இஞ்சின் புளொக்குக்கும் நடுவில வாற தகடு) போயிருக்கு தம்பி, ஹெட்டைக் கொஞ்சம் சீவினாச் சரி, புளொக் வெடிக்கேல்ல எண்டார். அப்பிடியே செய்தம், இப்பவும் ஓடுது. புளொக் வெடிச்சு காரின்ர பொடியும் கறள் பிடிச்சிருந்தா இரும்புக்கே விடுங்கோ, இல்லாட்டி 2020 இல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு (2025 இல திரும்ப விட்டிட்டினம்) பழைய காருக்கு ஏறின விலையை நினைச்சும் பாருங்கோ. வேற இஞ்சின் போட்டா வாகனப் பதிவுப் புத்தகத்தில இஞ்சின் நம்பரை மாத்திப் போடுங்கோ, இல்லாட்டி விக்கேக்க கரைச்சல்.