ஒரே வெயில்தான், ஆனால் வத்தல் ஒரே மாதிரி காய்வதில்லை
“கோலாலம்பூரில் எல்லா மாதமும் ஒரே வானிலைதான்” என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வெப்பமானி அப்படித்தான் சொல்லும். மோர் மிளகாயைக் காயப்போட்டுப் பார்த்தால் தெரியும் வித்தியாசம். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் இங்கே காலையில் சுள்ளென்று அடித்துவிட்டு மூன்று, நான்கு மணிக்கெல்லாம் இடியோடு கொட்டும். மலேசியாவில் நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது, உச்சி வெயிலே ஒன்றேகால் மணிக்குத்தான். எட்டு மணிக்குத் தட்டைத் தூக்கி வெளியே வைத்துப் பயனில்லை. பத்திலிருந்து இரண்டரை வரைதான் உருப்படியான வெயில். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைவு, வருட வத்தலை அப்போதே முடித்துவிடலாம். அந்த மாதங்களில் வரும் தைப்பூசத்தில் தார்ச்சாலை பாதத்தைச் சுடுவதும் அதனால்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், காயவைக்கக் “கொண்டோ பால்கனியே போதும்” என்கிறார், அதாவது அடுக்குமாடி வீட்டின் பால்கனி. போதாது. நேர் வெயில் மூன்று மணி நேரமாவது விழாத பால்கனியில் மிளகாயின் மேல்தோல் மட்டும் சுருங்கும், காம்படியில் ஈரம் தங்கி மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை வரும். இரவில் திறந்து வைத்தாலும் அதே கதி. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடு ஆறியதும் மூடி போட்ட டப்பாவில் அடைத்து, மறுநாள் பத்து மணிக்குத் திறந்தால் சரி. குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், அதுவரை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.