ஐலா தீவின் வாத்துகள் கிரீன்லாந்திலிருந்து வருபவை

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வாத்துகள் நார்வேயின் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து வருவதாக ஒரு இணையப் பதிவு சொல்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஐலாவுக்கு வருபவை கிழக்கு கிரீன்லாந்தில் குஞ்சு பொரிப்பவை. இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்தில் சில வாரங்கள் தங்கி மேய்ந்துவிட்டு, அக்டோபர் வாக்கில் ஐலாவில் இறங்குகின்றன. ஸ்வால்பார்ட் கூட்டம் போய்ச் சேரும் இடம் வேறு: ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள சால்வே கடற்கழி. இனம் ஒன்றுதான், பார்வைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் இந்தக் குழப்பம் வருவது இயல்பே.

சரி, இதை எப்படிச் சரிபார்ப்பது? ஈரநிலங்களையும் நீர்ப்பறவைகளையும் பாதுகாக்கும் பிரிட்டனின் டபிள்யூ.டபிள்யூ.டி. (WWT) அமைப்பு கிரீன்லாந்துக் கூட்டத்துக்கும் ஸ்வால்பார்ட் கூட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கெடுப்பு அறிக்கைகளை வெளியிட்டிருக்கிறது. இரண்டிலும் குளிர்காலப் பகுதி எது என்று பாருங்கள், போதும். நேரில் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சில வாத்துகளின் காலில் எழுத்துகள் பொறித்த வளையம் இருக்கும். ஐலாவின் லாக் குருனார்ட் கடற்கழிப் பக்கம் தொலைநோக்கியோடு நின்று அந்த எழுத்துகளைப் படித்து, பறவைகளுக்கு வளையமிட்டுப் பதிவு வைக்கும் பறவை வளையத் திட்டத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே வளையமிட்டார்கள் என்ற விவரம் உங்களுக்கே வந்து சேரும். பதிவை எழுதியவர் ஸ்வால்பார்ட் என்ற அந்த ஒரு இடப்பெயரை மட்டும் மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும்.