கண்விழிக்கச் சொல்லாதீர்கள்

பிளஸ் டூ தேர்வுக்கு முந்தின கடைசி வாரம் இரவு 2 மணி வரை விழித்துப் படிக்கலாம் என்று உங்கள் தேர்வுக் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. பிளஸ் டூ தேர்வில் 10.15-லிருந்து 1.15 வரை எழுத வேண்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு 12 மணிக்கு மேல் கண் சொக்கும். தெரிந்த கணக்கிலேயே கூட்டல் கழித்தல் குறி மாறிப்போகும். அதற்குப் பதில், பழைய வினாத்தாளைக் காலை 10.15-க்கே எடுத்து, மூன்று மணி நேரம் எழாமல் எழுதிப் பழகட்டும்.

இயற்பியலை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினா 15-க்கு 15 நிமிடம், நெடுவினா ஐந்துக்கு 65, மூன்று மதிப்பெண் வினா ஆறுக்கு 48, இரண்டு மதிப்பெண் வினா ஆறுக்கு 30. மீதி 22 நிமிடம் சரிபார்க்க. நெடுவினாவில் படம் வரைந்து அழித்து வரைந்தே பலருக்கு நேரம் போகிறது. இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-ஆம் எண் வினாவும், மூன்று மதிப்பெண் பகுதியில் 33-ஆம் எண் வினாவும் கட்டாயம், பெரும்பாலும் கணக்கு. அதை விட்டுவிட்டு வேறு ஆறு எழுதினால் மதிப்பெண் போச்சு. ஒரு மதிப்பெண் வினாவில் விடையின் குறியீடு (அ, ஆ போன்றது), விடை இரண்டும் எழுத வேண்டும்.

நம்ம மதுரை மார்ச் வெயிலில் உள்ளங்கை வேர்த்து ஜெல் பேனா மை இழுவும். பால்பாயின்ட் நல்லது. மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டை போட்டுக்கொள்ளலாம். முந்தின இரவு புரோட்டா சால்னா கண்டிப்பாக வேண்டாம். காலையில் மூன்று இட்லி போதும்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் ஒரு பஸ் முன்னாடியே ஏறுங்கள். பெற்றோரே, தேர்வு முடிந்து வந்ததும் வினாத்தாளை வாங்கி விடை கேட்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள்.