புகார் கொடுத்தவருக்கு ஏன் இடமாற்றம்?

மேலாளர் பாலியல் தொல்லை கொடுத்ததாக ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்தாரே, இரண்டு நாளாக எல்லோரும் பகிரும் அந்த விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நிர்வாகம்தான் உடனே நடவடிக்கை எடுத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. என்ன நடவடிக்கை? புகார் கொடுத்த பெண்ணை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த மேலாளர் அதே இடத்தில் இருக்கிறார்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடமாற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் எழுதிக் கேட்க வேண்டும், புகார்க் குழு பரிந்துரைக்க வேண்டும். புகாருக்கு உள்ளானவரையே மாற்றலாம். அந்தப் பெண்ணின் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்றும் தடுக்கலாம். இவ்வளவு வழி இருந்தும், கேட்காத பெண்ணைத் தூக்கியடிப்பது தண்டனை. பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். புகார் கொடுத்ததும், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று ஊருக்கு வெளியே இருந்த கிளைக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, பஸ் மாறிப் போய்ச் சேர நேரமாகும். தாமதத்துக்கு மெமோ மேல் மெமோ. கடைசியில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அங்கே எந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. "நம் அலுவலகத்தில் புகாரே கிடையாது" என்று மேடையில் பெருமையாகப் பேசினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உடனே "பொய்ப் புகாராக இருந்தால்?" என்று வருவீர்கள். தெரிந்தே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கைக்கு 14ஆம் பிரிவு இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போவது மட்டுமே பொய்யாகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரணைக்கு 90 நாள், மேலாளர் தரப்பையும் கேட்பார்கள். அவரை இன்றே வேலையைவிட்டு நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை ஏன் நகர்த்தினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"மேலாளர் போனால் வேலை நின்றுவிடும்" என்கிறார்கள். அந்தப் பெண் செய்தது வேலை இல்லையா? ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவிக்கு நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகுதான், பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க நெறிமுறை வகுத்த உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு 1997இல் வந்தது. அது சட்டமாக இன்னும் 16 வருடம் ஆனது. அத்தனை பெண்கள் போராடி வாங்கியதை ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் முடித்துவிடுகிறீர்கள்.

இன்னொன்று. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அவர் படத்தைப் போட்டு "இவர் யோக்கியமா?" என்று எழுதியவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். முதலில் அதை நீக்குங்கள்.